ஞானம்பிகையின் பையிலிருந்த வாக்காளர் அட்டை

1

அந்த வெள்ளிக்கிழமை எனக்குச் சரியாக நினைவில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரு கடிதப்பெட்டியின் பித்தளை மூடியைத் தூக்கியது நினைவிருக்கிறது. விரல்நுனியில் அதன் குளிர்கூட இருக்கிறது. ஆனால் அது அந்த வெள்ளிக்கிழமைக்கு உரிய குளிரா, வேறெந்த நாளிலோ வேறு யாருடைய கடிதத்தையோ போட்டபோது ஒட்டிக்கொண்டதா என்று சொல்லத் தெரியவில்லை. இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக யோசிக்கிறேன். யோசிக்க யோசிக்க மூடி பளபளப்பாகிறதே தவிர, நாள் தெளியவில்லை.

கதை ஒரு படிவத்திலிருந்து தொடங்கியது. போன மாதம் அலுமாரியைத் துப்புரவாக்கியபோது, பழைய மின்சாரக் கட்டணத் துண்டுகளுக்கு நடுவில் பாதி நிரப்பிய குடும்ப இணைப்பு விண்ணப்பம் ஒன்று கிடந்தது. பிள்ளையின் பெயர் ஜெனனி. பிறந்த திகதி எழுதியிருக்கிறது. தாயின் பாஸ்போட் இலக்கம் எழுதியிருக்கிறது. 'வேலை கொடுப்பவரின் ஒப்பம்' என்ற பெட்டி வெறுமையாக இருக்கிறது. கையெழுத்து என்னுடையது.

(இதில் வருகிற வாக்கெடுப்பைப் பதிவேடுகளில் தேடாதீர்கள். ஆட்களை மறைக்க வேண்டியிருந்ததால் அதையும் உருமாற்றிவிட்டேன். வீதிகளைத் திருத்தி பஸ் விடலாமா என்று ஒரு மாநிலம் தன் சனங்களிடம் கேட்டது. அவ்வளவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.)

2

முதலில் எழுதிப் பார்த்த தொடக்கம்: "பலெர்மோவில் எல்லா வீதிகளும் கடைசியில் கடலுக்கே போகின்றன, ஆனால் பஸ் மட்டும்—"

விட்டுவிட்டேன். அழகாக இருந்தது, ஆகவே சந்தேகம் வந்தது.

இரண்டாவது: "தொண்ணூற்றேழாம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஞானம்பிகை ஒரு களவு செய்தாள்—"

இது செல்வராசா நினைத்தது. நடந்தது அல்ல.

மூன்றாவது: "செல்வராசா நல்ல மனிதன்." இதை அடித்த கோடு தாளையே கிழித்துவிட்டது.

செல்வராசா நான்தான். அந்தப் பெயரை எனக்கு நானே வைத்துக்கொண்டேன். 'நான்' என்று எழுதினால் ஒவ்வொரு வரியும் எனக்காக வாதாடத் தொடங்கிவிடுகிறது. 'அவன்' என்றால் கொஞ்சம் தள்ளி நிறுத்திப் பார்க்கலாம். இனிமேல் 'அவன்'. இடையிடையே நான் குறுக்கிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள், அல்லது அந்த இடங்களில் என்னைச் சந்தேகியுங்கள்.

3

செல்வராசாவுக்கு அப்போது நாற்பத்துநாலு வயது. யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவன். இத்தாலியின் பலெர்மோ நகரில் காலையில் ஒரு பல்வைத்தியரின் கட்டடப் படிக்கட்டுகளைக் கழுவினான். பின்னேரம், கால்சாப் பகுதியில் தன் அறையில், சனங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தான். யார் எந்த வருடம் வந்தது, யாருடைய தங்கும் அனுமதி எப்போது முடிகிறது, யார் கணவன் என்று எழுதியவர் உண்மையில் மச்சான் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். வெளியே சொல்லமாட்டான். அவனுடைய மௌனத்தைச் சனங்கள் நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். அவன் அதை மறுக்கவில்லை.

அந்த வைகாசியில் பலெர்மோ முழுக்க ஒரே கதை. உடைந்த வீதிகளுக்குத் தார் போடுவது, பெரிய அவெனியூவில் பஸ்ஸுக்கென்று தனிப் பாதை பிரிப்பது, ஞாயிற்றுக்கிழமையிலும் பஸ் ஓட்டுவது. இதற்குச் சம்மதமா இல்லையா என்று வாக்கெடுப்பு. தமிழ்ச் சனத்துக்கு வாக்கில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லாமல் கால் தேய்ந்தது தமிழ்ச் சனத்துக்குத்தான். ஓய்வு கிடைக்கிற நாளே ஞாயிறுதானே.

வாக்கெடுப்புக்கு முந்திய ஞாயிறு, தேவாலய மண்டபத்தில். சைவம், கிறிஸ்தவ வேதம் என்று பாராமல் எல்லாத் தமிழரும் பூசை முடிந்தபின் அங்கேதான் கூடுவார்கள். பீலிக்ஸ் ஒரு கதிரையில் ஏறி நின்றான். மன்னார்ப் பெடியன், முப்பது வயதிருக்கும். ஒரு கிழவரைப் பராமரிக்கிற வேலை. அன்றைக்கு ஒரு புதுத் தோல் ஜாக்கெட் போட்டிருந்தான்.

"எல்லாரும் கேளுங்கோ! வாற ஞாயிறு அவையவை தங்கட கிழடுகளை எழுப்பி, முகம் கழுவி, வோட்டுப் போடுற பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. பாதிச் சனம் வராட்டி பெட்டியையே எண்ணமாட்டினமாம்."

"எங்களுக்கெங்கை வோட்டு, பீலிக்ஸ்?" என்றார் யாரோ.

"வோட்டில்லாட்டி என்ன? இந்த ஊரிலை வோட்டுப் போடப்போற காலெல்லாம் எங்கட கையைப் பிடிச்சுத்தானே நடக்குது."

மண்டபம் சிரித்தது. அவனைப்போலவே ஒரு கிழவியைப் பராமரிக்கிற எமிலியானா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "என்ரை கிழவிக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேளாது. இத்தாலியிலை இன்னும் ராசா இருக்கிறார் எண்டு நினைச்சுக்கொண்டிருக்குது. அதையும் கொண்டு போகவோ?"

"கொண்டு போங்கோ அக்கா. ராசாவுக்கும் பஸ் வேணும்."

பிறகு பீலிக்ஸ் கதிரையால் இறங்கி, ஞானம்பிகைக்குப் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, உங்கட சிஞ்ஞோராவுக்கு வோட்டுக் காட் வந்திட்டுதோ? வந்தா பத்திரம். அது இல்லாட்டி உள்ளுக்கு விடமாட்டினம்."

செல்வராசா இரண்டடி தள்ளி நின்று கேட்டான். ஜாக்கெட்டையும் பார்த்தான்.

(இங்கே ஒரு விளக்கம். கச்சேரியில் இருந்தபோது தேர்தலுக்குத் தேர்தல் செல்வராசாவை வாக்குச்சாவடிக் கடமைக்குப் போடுவார்கள். நூற்றுக்கணக்கான விரல்களில் மை பூசியவன் அவன். ஒருமுறை பின்பக்க மதிலடியில், இறப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு வாக்காளர் அட்டை கிடந்தது. எல்லாம் கிழவர்களுடையவை, கிழவிகளுடையவை. சேர்த்தவன் அன்று பின்னேரமே புதுச் சைக்கிளில் போனான். அதற்குப் பிறகு, அடுத்தவருடைய வாக்காளர் அட்டையைப் பற்றி யாராவது விசாரித்தால் செல்வராசாவின் மூளை ஒரே வழியில்தான் போகும். இதை நியாயமாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொல்கிறேன்.)

4

ஞானம்பிகை தெல்லிப்பழைப் பக்கம். கணவன் ஷெல்லடியில் போனபின், பதினொரு வயது மகளைத் தமக்கையிடம் விட்டுவிட்டுத் தொண்ணூற்றொன்றில் வந்தவள். வந்த நாளிலிருந்து லிபெர்த்தாப் பகுதியில் ஒரே வீடு, ஒரே சிஞ்ஞோரா, வீட்டு எசமானி. சிஞ்ஞோராவுக்கு எண்பத்தொரு வயது. முன்னாள் ஆசிரியை. போன வருடம் உடைந்த நடைபாதையில் விழுந்து முழங்கால் போனது. மகன் அவ்வொக்காத்தோ, அதாவது வக்கீல். அவருடைய அலுவலகம் அந்தப் பெரிய அவெனியூவில். பஸ்ஸுக்குப் பாதை பிரித்தால் அவருடைய கார் நிற்கிற இடம் போய்விடும்.

வியாழன் பின்னேரம் அவளுக்கு ஓய்வு. செல்வராசாவின் அறைக்கு வந்தாள். தோளில் ஒரு கறுப்புப் பை. எங்கே போனாலும் அந்தப் பை அவளோடு போகும்.

"திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரிலை நிக்க வேணும் அண்ணை. சிஞ்ஞோரா ஞாயிறு வோட்டுப் போட்டிட்டு வந்து கையெழுத்து வைச்சுத் தாறன் எண்டவ. வேலை, இருக்க இடம் எல்லாம் தன்ரை வீட்டிலை எண்டு எழுதித் தாறாவாம்."

"மகளுக்கு எப்ப பதினெட்டு?"

"வாற ஆவணி பன்ரெண்டு."

"அப்ப இதுதான் கடைசி."

"ஓம். இதை விட்டா அடுத்த தவணை வரேக்கை அவள் பெரிய ஆள். தாயோடை சேர்க்கமாட்டினம்." அவள் சிரித்தாள். "கொழும்பிலை லொட்ஜிலை இருந்துகொண்டு, 'அம்மா, எனக்கு உங்கட முகம் போட்டோவிலைதான் ஞாபகம்' எண்டு எழுதுறாள். கழுதை. என்ரை முகம் இப்ப போட்டோவிலை மாதிரியே இல்லை, பயப்பிடப்போறாள் எண்டு நான் எழுதினான்."

பாஸ்போட், பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதி, பிறப்புப் பத்திரம் எல்லாம் பார்த்து எழுதவேண்டும். பையை அப்படியே வைத்துவிட்டுப் போகச் சொன்னான்.

அவள் யோசித்தாள். பையின் வாரைக் கையில் சுற்றினாள், பிறகு அவிழ்த்தாள்.

"வேறை ஆரெண்டாலும் குடுக்கமாட்டன்," என்றாள். "ஞாயிறு வந்து எடுக்கிறன்."

[இந்த வாக்கியத்தை அவள் சொன்னாளா, நான் இப்போது சொல்லவைக்கிறேனா? சொல்லவில்லை என்று எழுதிப் பார்த்தேன். அதுதான் எனக்கு வசதியாக இருந்தது. ஆகவே சொன்னாள் என்றே வைக்கிறேன்.]

5

வெள்ளிக்கிழமை, படிக்கட்டு வேலை முடிந்து, மேசையில் பையைத் திறந்தான். ஒவ்வொன்றும் தனித்தனிப் பொலித்தீன் உறையில் இருந்தது. காணி உறுதி, கணவனின் மரணச் சான்றிதழ், ஜெனனியின் பிறப்புப் பத்திரம், பாஸ்போட், பெர்மெஸ்ஸோ. கடைசி உறையில் நாலாக மடித்த தாள் ஒன்று. பிரித்தான்.

சிஞ்ஞோராவின் வாக்காளர் அட்டை.

செல்வராசா அதை வாசித்தான். மறுபடி வாசித்தான். எழுந்துபோய்க் கதவின் கொண்டியைப் போட்டான்.

கொண்டி போட்ட அந்தக் கணத்திலேயே அவன் தீர்மானித்துவிட்டான் என்று இப்போது நினைக்கிறேன். மிச்சமெல்லாம் தீர்மானத்துக்குக் காரணம் தேடியதுதான். காரணங்கள் வரிசையாக வந்தன. பீலிக்ஸ் கேட்டது. தோல் ஜாக்கெட். மதிலடியில் கிடந்த கட்டு. வீட்டில் மேசை லாச்சியில் இருக்கவேண்டிய அட்டை வேலைக்காரியின் பையில், அதுவும் ஆக அடியில், பொலித்தீனில் சுற்றியபடி. ஒளித்து வைத்ததல்லாமல் வேறென்ன?

அடுத்த காரணம் அவனைப் பற்றியது. அவனுடைய பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கொடுத்துக் கிடந்தது. இத்தாலிக்காரி ஒருத்தியின் வாக்காளர் அட்டை தன்னுடைய அறையில், தன்னுடைய மேசையில். யாராவது கதவைத் தட்டினால்?

அவளுடைய வீட்டில் ரெலிபோன் இருந்தது. சந்தியில் ரெலிபோன் பெட்டி இருந்தது. போய், "தங்கச்சி, இது என்ன உன்ரை பையுக்கை?" என்று—

கேட்கவில்லை. கேட்டால் அவளை அவமானப்படுத்தியதாகிவிடும் என்று நினைத்தான். நல்ல குடும்பத்துப் பிள்ளை, கேளாமல் விடுவதே மரியாதை என்று நினைத்தான். சந்தேகப்படுவதற்குக் கூச்சப்படாதவன் கேட்பதற்குக் கூச்சப்பட்டான்.

மற்ற உறைகளை இருந்த ஒழுங்கிலேயே வைத்தான். அட்டையை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டான்.

6

அதன் பிறகு என்ன செய்தான்?

ஒரு வடிவத்தில், அவன் வியா மக்வேதா வீதியில் நடந்துபோய், அட்டையை எட்டாகக் கிழித்து, ஒரு பழக்கடையின் கழிவுப் பெட்டிக்குள் போட்டான். தோடம்பழத் தோல்கள். கடைக்காரன் பார்த்ததாகவும் ஞாபகம். பார்க்காததாகவும் ஞாபகம்.

இன்னொரு வடிவத்தில், அவன் லிபெர்த்தா வரை நடந்தான். சிஞ்ஞோராவின் கட்டடத்து வாசலில் பெயர் பொறித்த கடிதப்பெட்டி. பித்தளை மூடி. அட்டையை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பிவிட்டான். தேர்தல் கந்தோர் தந்த தாள் உரியவரிடம் சேர்ந்தது, ஞானம்பிகையும் குற்றத்திலிருந்து தப்பினாள், யாருடைய பெயரும் கெடவில்லை.

இந்த இரண்டாவது வடிவத்தில் ஒரு வசதி உண்டு. கடிதப்பெட்டியின் பூட்டுத் திறப்பு அவ்வொக்காத்தோவிடம்தான் இருந்தது. சனிக்கிழமைகளில் அவர் வந்துதான் கடிதம் எடுப்பார். பாதிப்பேர் வராவிட்டால் வாக்கெடுப்பு செல்லாது என்பதால், எதிர்த்தவர்கள் எதிர்த்துப் போடவில்லை. ஞாயிறு வீட்டில் இருந்துவிடுவது, அல்லது கடலுக்குப் போய்விடுவது என்று முடிவெடுத்திருந்தார்கள். தாய் வாக்களிக்கப் போகாமலிருப்பதே மகனுக்கு வேண்டியிருந்தது. ஆகவே பெட்டியில் அட்டையைக் கண்டவர் அதைத் தன் சட்டைப் பைக்குள்—

பாருங்கள், எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது. பழி ஒரு பணக்காரன் தலையில் போய் விழுகிறது. வாசிக்கிறவர்களுக்கும் திருப்தி. இதனாலேயே எனக்கு அந்தப் பித்தளை மூடியில் நம்பிக்கை இல்லை.

மூன்றாவது வடிவம் ஒன்றும் எழுதினேன். அதில் செல்வராசா அட்டையைத் திரும்பவும் உறைக்குள் வைக்கிறான். அந்தப் பக்கத்தை எரித்துவிட்டேன். அவன் திரும்ப வைக்கவில்லை. அது ஒன்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

7

ஞாயிறு பதினொரு மணிக்கு ஞானம்பிகை வந்தாள். லிபெர்த்தாவிலிருந்து நடந்தே வந்திருந்தாள், ஒரு மணி நேரம். முகம் முழுக்க வியர்வை.

"சிஞ்ஞோரா நீலச் சட்டை போட்டு, முத்துமாலை போட்டு, கதிரையிலை இருக்கிறா. நாப்பத்தாறிலை பொம்பிளையளுக்கு வோட்டு வந்ததிலை இருந்து ஒண்டும் விடேல்லையாம். பையைத் தாங்கோ அண்ணை, கெதியா."

பையைக் கொடுத்தான். அவள் வாசலிலேயே குந்தியிருந்து திறந்தாள். நேரே கடைசி உறைக்குப் போனாள். அது தட்டையாக இருந்தது. மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். மரணச் சான்றிதழை இரண்டு முறை பார்த்தாள்.

"அண்ணை, இதை ஆரும் திறந்தவையோ?"

"நான்தான். நம்பர் எழுதத் திறந்தனான்."

"வேறை ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லை. என்ன, ஏதும் காணேல்லையோ?"

அவன் அப்படிக் கேட்டான். அந்த மூன்று சொல்லைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அவள் அவனைப் பார்த்தாள். அதிக நேரம் இல்லை. பிறகு பையை மூடி எழும்பினாள்.

"என்னோடை வாங்கோ அண்ணை. அவ்வொக்காத்தோவும் வந்து நிக்கிறார். என்ரை கதையை நீங்கள் இத்தாலியனிலை சொல்லவேணும்."

நடந்தார்கள். ஒரு மணி நேரமாக இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. பஸ் நிறுத்தம் ஒவ்வொன்றிலும் வாக்கெடுப்புச் சுவரொட்டி இருந்தது, பஸ் இல்லை.

சிஞ்ஞோரா சாப்பாட்டறையில் இருந்தாள், கைப்பை மடியில். அவ்வொக்காத்தோ யன்னலோரம் நின்றார். கடற்கரைக்குப் போகிற செருப்புப் போட்டிருந்தார். (அவர்கள் பேசியதைத் தமிழில் தருகிறேன்.)

"அம்மாவின் அட்டை எங்கே?"

ஞானம்பிகை தமிழில் சொன்னாள். "சொல்லுங்கோ அண்ணை. கந்தோர் ஆள் கொண்டுவந்து தந்தது, நான்தான் கையெழுத்து வைச்சு வாங்கினது. 'பத்திரமா வை' எண்டு சிஞ்ஞோரா சொன்னவ. நான் பத்திரமான இடத்திலை வைச்சனான். என்ரை பையுக்கை."

செல்வராசா மொழிபெயர்த்தான்.

"ஏன் உன் பையில்?"

"முக்கியமான கடுதாசி வந்தா அதுக்கைதான் வைக்கிறது. எண்பத்தேழிலை கோயிலுக்கு ஓடேக்கையும், தொண்ணூறிலை ஓடேக்கையும், சட்டி பானை ஒண்டும் எடுக்கேல்லை, இந்தப் பையைத்தான் தூக்கினது. ஒரு வீட்டு ஆக்களின்ரை கடுதாசி எல்லாம் ஒரு பையிலைதான் இருக்கும். பிறிம்பு பிறிம்பா வைச்சா ஒண்டு விடுபட்டுப்போம்."

செல்வராசாவின் கட்டிலுக்குக் கீழேயும் ஒரு பை இருந்தது. வாசலைப் பார்த்தபடி, வார் மேலே தெரிய. தெல்லிப்பழையிலோ மானிப்பாயிலோ பை இல்லாத வீடு இல்லை. இது அவனுக்கு எப்படி வெள்ளிக்கிழமை நினைவுக்கு வராமல் போனது? கச்சேரிக் கிளாக்கருக்கு மதிலடிக் கட்டு நினைவுக்கு வந்தது. ஓடிய மனிதனுக்கு ஓடிய பை நினைவுக்கு வரவில்லை.

அவன் ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தான். நன்றாகவே செய்தான்.

"ஓடவா?" என்றார் அவ்வொக்காத்தோ. "இங்கே எதிலிருந்து ஓட?"

"அது எனக்குத் தெரியாது எண்டு சொல்லுங்கோ. தெரிஞ்சுகொண்டு ஒருத்தரும் ஓடுறேல்லை."

சிஞ்ஞோரா முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள்.

"சரி," என்றார் அவர். "இப்போது அது எங்கே? யாருக்குக் கொடுத்தாய்?"

செல்வராசா ஞானம்பிகைப் பக்கம் திரும்பி, "அட்டை இப்ப எங்கையெண்டு கேக்கிறார்," என்றான்.

இந்த இடத்தில் கதை நிற்கிறது. நானும் நாலு நாட்கள் இங்கேயே நின்றேன். ஒரு வாக்கியம் போதும். 'ஐயா, நான்தான் எடுத்தேன்.' இத்தாலியனில் அது இன்னும் குட்டையானது. சுவரில் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியாது அண்ணை," என்றாள் கடைசியில். "பையிலை இல்லை. சொல்லுங்கோ."

"அவளுக்குத் தெரியாதாம்," என்றான் செல்வராசா.

8

தொலைந்த அட்டைக்கு மாற்று எடுக்கலாம். நகராட்சிக் கந்தோர் அன்று திறந்திருந்தது. "போய் முறைப்பாடு எழுதுவோம் அம்மா," என்றார் அவ்வொக்காத்தோ. "'களவு போனது' என்று எழுதவேண்டும். யாரைச் சந்தேகிக்கிறீர்கள் என்று கேட்பார்கள், சொல்லவேண்டும்."

(தாய் வாக்களிக்கக் கூடாது என்று விரும்பியவர் மாற்று எடுக்க ஏன் வழி சொன்னார்? தாய் போகமாட்டாள் என்று தெரிந்தே சொன்னார் என்பது என் சந்தேகம். அவரை நல்லவராக எழுதிப் பார்த்தேன். அதிலும் அவர் இதையேதான் சொன்னார்.)

சிஞ்ஞோரா முத்துமாலையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். "எதுவும் எழுதவேண்டாம். நான் போகவில்லை."

அது அவள் தவறவிட்ட முதல் வாக்கு.

அன்று மாலையே குவெஸ்தூராவுக்கான தாள் மேசையில் இருந்தது. அவ்வொக்காத்தோ அதை எடுத்து மடித்தார். "அம்மா இப்போதைக்கு எதிலும் கையெழுத்து வைக்கமாட்டார்." சிஞ்ஞோரா மறுத்துச் சொல்லவில்லை. ஞானம்பிகையைக் கள்ளி என்று ஒருபோதும் சொல்லவுமில்லை. ஆனால் மறுநாளிலிருந்து லாச்சியைப் பூட்டினாள். திறப்பைக் கழுத்துச் சங்கிலியில், மாதாவின் பதக்கத்தோடு கோத்துக்கொண்டாள். காலையில் ஞானம்பிகை அவளுக்கு உடம்பு துடைத்துவிடும்போது, ஒரு கையால் அந்தத் திறப்பைப் பொத்திப் பிடித்திருப்பாள்.

ஞானம்பிகை அந்த மாத முடிவில் வேலையை விட்டாள்.

வாக்கெடுப்பு செல்லாமல் போனது. ஒரு வாக்கால் அல்ல. அப்படி எழுத எனக்கும் ஆசைதான். பல்லாயிரம் பேர் வரவில்லை. சிஞ்ஞோரா போயிருந்தாலும் ஒன்றும் மாறியிராது.

பீலிக்ஸைப் பற்றி: அவனுடைய கிழவர் இறந்த மகனின் தோல் ஜாக்கெட்டை அவனுக்குக் கொடுத்திருந்தார். அன்று காலை அவன் ஒன்பது பேரைக் கைபிடித்து வாக்களிக்கக் கூட்டிப்போனான். ஒரு அட்டையும் அவன் சேர்க்கவில்லை. அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

9

இங்கே முடித்திருப்பேன். ஆனால் ஏழாம் பகுதியைத் திருத்தி எழுதும்போது ஒன்று கையில் தட்டுப்பட்டது. அதைத் தள்ளிவிட்டு எழுத முடியவில்லை.

ஞானம்பிகை அந்த வீட்டில் ஆறு வருடம் இருந்தவள். இரவு பகலாக அந்தக் கிழவியோடு இத்தாலியனில் கதைத்தவள், சந்தைக்காரரோடு சிசிலியனில் சண்டை பிடித்தவள். செல்வராசாவின் இத்தாலியன் படிவங்களின் இத்தாலியன். பெயர், முகவரி, கீழே ஒப்பமிடுபவர். அவளுடைய இத்தாலியன் அவனுடையதைவிட நூறு மடங்கு மேல்.

பிறகேன் மொழிபெயர்க்க அவனைக் கூட்டிக்கொண்டு போனாள்? ஒரு மணி நேரம், வெய்யிலில், ஒன்றும் கதைக்காமல்?

பதறிப்போனாள், தாய்மொழிதான் வாயில் வந்தது என்று ஒரு பதில் உண்டு. நல்ல பதில். அதை எடுத்துக்கொண்டால், அவள் கடைசிவரை அவனை நம்பினாள்.

மற்றப் பதிலில், வாசலில் குந்தியிருந்து தட்டையான உறையைத் தொட்டபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சாப்பாட்டறையில் அவனுக்கு ஒரு இடம் கொடுத்தாள். கேள்வி அவனுடைய வாயாலேயே வரும்படி செய்தாள். அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவளாகவே அவனைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். அவனுடைய பெர்மெஸ்ஸோவும் புதுப்பிக்கக் கிடந்தது என்று அவளுக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை. அப்படியானால், மகளை இழக்கிறாள் என்று தெரிந்துகொண்டே அவள் "எனக்குத் தெரியாது" என்றாள்.

இரண்டில் எது என்று அவளிடம் கேட்டால் தெரிந்துவிடும். அவள் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்தில் எனக்கு எதிரே இருந்துதான் தேநீர் குடிக்கிறாள். "சுகமோ அண்ணை?" என்று கேட்கிறாள். "சுகம்," என்கிறேன்.

வாசிக்கிறவரே, இந்தத் தாள்களை அவளிடம் கொடுப்பதா விடுவதா என்பதுதான் இந்தக் கதைக்கு மிச்சமிருக்கிற முடிவு. அதை எழுதும் தகுதி எனக்கு இல்லை. நீங்கள் முடிவெடுங்கள். கொடுக்கச் சொன்னால், எந்தப் பதிலுக்கு நான் ஆயத்தமாக இருக்கவேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவை இவ்வளவுதான். சிஞ்ஞோரா தொண்ணூற்றொன்பதில் இறந்தாள். அவ்வொக்காத்தோ அலுவலகத்தை விற்றுவிட்டு மகளோடு வடக்கே போய்விட்டார். பீலிக்ஸ் லண்டனில் பஸ் சாரதியாக இருக்கிறான். எமிலியானா பேரப்பிள்ளைகளோடு இங்கேதான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பஸ், வாக்கெடுப்பு ஒன்றும் இல்லாமலே, வேறொரு வருடம் வந்தது. ஜெனனிக்கு அந்த ஆவணியில் கொழும்பு லொட்ஜில் பதினெட்டு வயதானது. விண்ணப்பம் போகவில்லை. ஏஜென்சி மூலம் இரண்டு நாடுகளில் சிக்கி, கடைசியில் கனடா போய்ச் சேர்ந்தாள். ஞானம்பிகை அவளை மறுபடி கண்டது இரண்டாயிரத்தெட்டில். அப்போது மகளுக்கு இருபத்தொன்பது வயது, கையில் ஒரு குழந்தை. செல்வராசாவின் பெர்மெஸ்ஸோ அந்த ஆனி மாதமே எந்தச் சிக்கலும் இல்லாமல் புதுப்பித்து வந்தது.